சிஎஸ்ஆர் பணத்தில் ஏரியைச் சீரமைப்பது: நிறுவனம், அரசு, ஊர் மூன்றும் சேர்ந்து எப்படிச் செய்வது?

கேள்வி இது: "எங்கள் நிறுவனத்துக்கு முதன்முறையாக சிஎஸ்ஆர் கடமை வருகிறது. தொழிற்சாலைக்குப் பக்கத்தில் ஊராட்சி ஒன்றியத்து ஏரி ஒன்று தூர்ந்து கிடக்கிறது. அரசும் ஒரு தொண்டு நிறுவனமும் கூட வந்தால் சீரமைத்துத் தர நிர்வாகம் தயார். எங்கிருந்து தொடங்குவது? எங்கே சிக்கல் வரும்?"

சிஎஸ்ஆர் என்பது நிறுவனங்களின் சமூகப் பொறுப்பு, அதாவது லாபத்தில் ஒரு பங்கைச் சமூக நலனுக்குச் செலவிடும் சட்டக் கடமை. அந்தப் பணத்தில் இதைச் செய்யலாம், சட்டமும் இடம் தருகிறது. ஆனால் இப்படிப்பட்ட வேலையைக் கெடுப்பது பெரும்பாலும் நாட்காட்டிதான். பணம் அதற்கு அடுத்துதான் வரும். நிறுவனத்துக்கு ஆண்டு மார்ச் 31இல் முடிகிறது. அரசு அலுவலகத்துக்கு மதிப்பீடு, ஒப்புதல், இடமாறுதல், தேர்தல் நடத்தை விதி என்று தனி ஓட்டம். ஏரிக்கு ஐப்பசியும் கார்த்திகையும்தான் கணக்கு. இந்த மூன்று ஓட்டங்களையும் ஒரே தாளில் எழுதிப் பார்க்காமல் ஜேசிபியை இறக்கிய இடங்களில்தான் பாதி தோண்டிய குழிகளும் முழுதாகத் திறந்து வைத்த கல்வெட்டுகளும் நிற்கின்றன.

பணக் கணக்கு

நிறுவனங்கள் சட்டம் 2013இன் 135ஆம் பிரிவு 2014 ஏப்ரல் 1 முதல் நடப்பில் இருக்கிறது. முந்தைய நிதியாண்டில் நிகர மதிப்பு 500 கோடி, விற்றுமுதல் 1,000 கோடி, நிகர லாபம் 5 கோடி ரூபாய் ஆகியவற்றில் ஏதாவது ஒன்றைத் தொட்டாலே கடமை வந்துவிடும். செலவிட வேண்டியது முந்தைய மூன்று நிதியாண்டுகளின் சராசரி நிகர லாபத்தில் 2 விழுக்காடு. இந்த லாபம் அதே சட்டத்தின் 198ஆம் பிரிவின்படி கணக்கிடுவது. லாப நட்டக் கணக்கின் கடைசி வரியில் இருக்கும் தொகையை அப்படியே எடுக்கக் கூடாது. மூன்று ஆண்டு லாபம் 8, 11, 14 கோடி என்றால் சராசரி 11 கோடி, கடமை 22 லட்சம். தொகை 50 லட்சத்தைத் தாண்டாதவரை தனி சிஎஸ்ஆர் குழு தேவையில்லை, இயக்குநர் குழுவே முடிவெடுக்கலாம். கீழே வரும் கணக்குகளுக்கு இந்த 22 லட்சத்தையே வைத்துக்கொள்வோம். சின்ன ஏரி ஒன்றை ஒழுங்காகச் செய்ய இது போதும். "மூன்று ஏரி செய்தோம்" என்று சொல்லிக்கொள்ள ஆசைப்பட்டால் போதாது.

சட்டத்தின் ஏழாம் அட்டவணையில் இயற்கை வளப் பாதுகாப்பும் மண், நீர் ஆகியவற்றின் தரம் காப்பதும் இருக்கின்றன. ஊரக வளர்ச்சியும் இருக்கிறது. ஏரிச் சீரமைப்பு இவற்றுக்குள் அடங்கும். அடங்காதவை எவை என்று தெரிந்துகொள்வதுதான் முக்கியம். உங்கள் தொழிற்சாலைக்குக் கொடுத்த சுற்றுச்சூழல் அனுமதியிலேயே "அருகிலுள்ள நீர்நிலையைச் சீரமைக்க வேண்டும்" என்று நிபந்தனை இருந்தால் அந்தச் செலவு சிஎஸ்ஆர் ஆகாது, ஏனென்றால் அது வேறொரு சட்டக் கடமை. தொழிற்சாலை மழைநீர் வடிய வேண்டும் என்பதற்காக வாய்க்கால் வெட்டினால் அது தொழில் செலவு. ஊழியர் குடியிருப்புக்கு மட்டும் பயன்படும் பூங்காவும் ஆகாது. முதலமைச்சர் பொது நிவாரண நிதிக்குக் கொடுப்பதும் கணக்கில் வராது. பலர் இதைத் தெரியாமல் கொடுத்துவிட்டுப் பிறகு ஆடிட்டரிடம் விழிக்கிறார்கள்.

இனி, எல்லாரும் மாட்டிக்கொள்ளும் இடம். மார்ச் 30ஆம் தேதி தொண்டு நிறுவனத்தின் கணக்குக்கு 22 லட்சத்தை அனுப்பிவிட்டால் கடமை முடிந்தது என்று நினைப்பது தவறு. முழுத் தொகையையும் அவர்கள் பயன்படுத்தினால்தான் அது செலவு. பணம் சொன்ன வேலைக்கே போனது என்று நிறுவனத்தின் நிதிப் பொறுப்பாளர் இயக்குநர் குழுவுக்குச் சான்று தர வேண்டும். வேலை அடுத்த ஆண்டுக்கும் நீளும் என்று தெரிந்தால் அதைத் தொடக்கத்திலேயே "தொடர் திட்டம்" என்று குழுத் தீர்மானத்தில் எழுதிவிடுங்கள். தொடங்கிய ஆண்டு போக மேலும் மூன்று ஆண்டு வரை அது போகலாம். மீதிப் பணத்தை நிதியாண்டு முடிந்த 30 நாளுக்குள், அதாவது ஏப்ரல் 30க்குள், தனி "செலவிடப்படாத சிஎஸ்ஆர் கணக்கு" ஒன்றுக்கு மாற்ற வேண்டும். தொடர் திட்டம் என்று எழுதவில்லையென்றால் மீதித் தொகை ஆறு மாதத்துக்குள் ஏழாம் அட்டவணையில் சொன்ன நிதிகளில் ஒன்றுக்குப் போய்விடும். உங்கள் ஊர் ஏரிக்குத் திரும்பி வராது. தவறினால் அபராதம் அந்தத் தொகையின் இரு மடங்கு அல்லது 1 கோடி, இதில் எது குறைவோ அது.

மூன்று ஓட்டங்களையும் பொருத்துவது

ஏரி வேலைக்கும் நிதியாண்டுக்கும் பொருத்தம் உண்டு, முந்தைய ஆண்டே தயாரானால். டிசம்பரில், வடகிழக்குப் பருவமழை ஓயும் நேரத்தில், ஏரியைப் போய்ப் பாருங்கள். தண்ணீர் எந்த வாய்க்காலில் வருகிறது, எங்கே நின்றுவிடுகிறது, மதகு எவ்வளவு கசிகிறது, கலிங்கில் (ஏரி நிரம்பினால் உபரி நீர் வெளியேறும் இடத்தில்) வழிந்ததா என்பதெல்லாம் நீர் இருக்கும்போதுதான் தெரியும். காய்ந்த ஏரியைப் பார்த்து மதிப்பீடு போடுபவர் மண்ணை மட்டும்தான் பார்ப்பார். பிப்ரவரி, மார்ச்சில் மட்ட அளவெடுப்பு, அதாவது தரையின் மேடு பள்ளத்தை அளப்பது. ஏப்ரலுக்குள் அரசு அனுமதி. மே முதல் ஆகஸ்ட் வரை மண் வேலை. செப்டம்பர் பாதிக்குள் இயந்திரம் வெளியேறியாக வேண்டும். அக்டோபர் முதல் மழை. ஜனவரியில் நிரம்பிய ஏரியில் ஆய்வு. மார்ச்சுக்குள் கடைசித் தவணை. வேலையும் செலவும் ஒரே நிதியாண்டுக்குள் அடங்கிவிடும்.

பெரும்பாலான நிறுவனங்கள் விழித்துக்கொள்வது ஜனவரியில்தான். அப்போது ஏரியில் தண்ணீர் இருக்கும், வயலில் நெல் இருக்கும், மீன் ஏலம் எடுத்தவருக்கு உரிமை இருக்கும், மார்ச் 31க்கு எழுபது எண்பது நாள் இருக்கும். இந்த நிலையில் ஏரியைத் தொடாதீர்கள். அந்த ஆண்டுப் பணத்தை வேறு நல்ல வேலைக்குக் கொடுத்துவிட்டு ஏரியை அடுத்த ஆண்டுக்கு வைத்துக்கொள்ளுங்கள். அரசுப் பள்ளிகளுக்கென்று 2022 டிசம்பரில் தமிழ்நாடு அரசு தொடங்கிய "நம்ம ஸ்கூல் நம்ம ஊரு பள்ளி" போன்ற தளங்கள் இதற்கு உதவும்.

அரசில் யாரிடம் போவது

தமிழ்நாட்டில் 39,000க்கும் மேற்பட்ட ஏரிகள், கண்மாய்கள் உள்ளன. பொது விதி: ஆயக்கட்டு (ஏரி நீர் பாயும் வயல் பரப்பு) 100 ஏக்கரும் அதற்கு மேலும் என்றால் நீர்வளத் துறை, அதற்குக் கீழே என்றால் ஊராட்சி ஒன்றியம். கோயில் குளம் என்றால் அறநிலையத் துறை, காட்டுக்குள் இருந்தால் வனத் துறை. வாய்ச்சொல்லை நம்பாமல் கிராம நிர்வாக அலுவலரிடம் (விஏஓ), நிலம் யாருடையது என்று காட்டும் ஏ பதிவேட்டையும் புல வரைபடத்தையும் வாங்கிப் பாருங்கள். ஏரி ஒரு துறை, வரத்து வாய்க்கால் இன்னொரு துறை, கரை மேல் போகும் சாலை மூன்றாவது துறை என்று இருப்பது சாதாரணம். அனுமதிக் கடிதத்தில் இந்த மூன்றின் புல எண்களும் இருக்க வேண்டும். "ஏரி தூர்வார அனுமதி" என்று மட்டும் வாங்கிவிட்டு வாய்க்காலில் கை வைத்தால் முதல் புகார் மனுவிலேயே வேலை நிற்கும்.

ஒன்றிய ஏரிக்கு வழி இப்படிப் போகும்: கிராம சபையில் தீர்மானம், வட்டார வளர்ச்சி அலுவலர் (பிடிஓ) வழியாக விண்ணப்பம், ஒன்றியப் பொறியாளரின் மதிப்பீடு, தொழில்நுட்ப ஒப்புதல், மாவட்ட ஊரக வளர்ச்சி முகமை வழியாகக் கலெக்டரின் அனுமதி. கிராம சபை நினைத்த நாளில் கூடாது. ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1 என ஆறு நாள். மே மாதம் வேலை தொடங்க வேண்டுமானால் ஜனவரி 26ஐத் தவறவிடக் கூடாது. மார்ச் 22, உலகத் தண்ணீர் தினக் கூட்டம், கடைசி வாய்ப்பு. தீர்மானத்தில் ஏரியின் பெயர், புல எண், செய்யப்போகும் வேலை, நிறுவனத்தின் பெயர், பராமரிப்பை யார் ஏற்கிறார்கள் என்பது எல்லாம் வரி வரியாக இருக்கட்டும்.

அதிகாரி ஆர்வமாக இருப்பது நல்லதுதான். ஆனால் அவர் ஆறு மாதத்தில் மாறிப் போகலாம். வருகிறவருக்கு உங்களைத் தெரியாது, கோப்பைத்தான் தெரியும். "சார் சொல்லிட்டார், ஆரம்பிங்க" என்ற சொல்லுக்குக் கோப்பில் இடமில்லை.

அரசும் பணம் போடுமா என்று கேட்பார்கள். "நமக்கு நாமே" திட்டத்தில் பொதுமக்கள் பங்கு பொதுவாக மதிப்பீட்டில் மூன்றில் ஒரு பங்கு, மீதி அரசு. இந்த வழியில் போனால் பணம் பெருகும், ஆனால் ஒப்பந்தப்புள்ளியும் பில் நடைமுறையும் அரசு விதிப்படி நடக்கும். உங்கள் மார்ச் 31க்கு அது கட்டுப்படாது. முதல் முறை செய்கிறவர்கள் முழுச் செலவையும் தாங்களே ஏற்று, அரசிடம் அனுமதி, அளவு சரிபார்ப்பு, ஆக்கிரமிப்பு நில அளவை ஆகிய மூன்றை மட்டும் கேட்பது நல்லது. அந்த மூன்றையும் வேறு யாராலும் தர முடியாது.

தொண்டு நிறுவனத்தைத் தேர்ந்தெடுப்பது

சட்டம் கேட்பது: பதிவு பெற்ற பொது அறக்கட்டளை, சங்கம் அல்லது 8ஆம் பிரிவு நிறுவனம் (லாப நோக்கமில்லாத நிறுவனம்), வருமான வரியில் எல்லாரும் 12ஏ, 80ஜி என்று சொல்லும் பதிவும் ஒப்புதலும், இதே மாதிரி வேலையில் குறைந்தது மூன்று ஆண்டு அனுபவம், 2021 ஏப்ரல் முதல் சிஎஸ்ஆர்-1 படிவம் வழியாகப் பெற்ற பதிவு எண். இவை நுழைவுச் சீட்டு மட்டுமே. எண்ணைக் கம்பெனி விவகார அமைச்சகத் தளத்தில் சரிபாருங்கள், வரிப் பதிவின் காலாவதித் தேதியையும் பாருங்கள்.

அதற்குமேல் கேட்க வேண்டியது ஒன்று உண்டு. அவர்கள் கடைசியாக முடித்த ஏரியைக் காட்டச் சொல்லாதீர்கள், மூன்று ஆண்டுக்கு முன் முடித்த ஏரியைக் காட்டச் சொல்லுங்கள். புதிதாக முடித்த ஏரி எல்லாமே அழகாகத்தான் இருக்கும். மூன்று ஆண்டுக்குப் பிறகு கரையில் சீமைக் கருவேலம் முளைத்திருக்கிறதா, மதகின் திருகு சுழல்கிறதா, ஊரில் யாரிடம் சாவி இருக்கிறது என்று பாருங்கள். கூட வரும் ஊர்க்காரர் "அது அந்த கம்பெனி செஞ்சது" என்கிறாரா, "நாங்க செஞ்சோம்" என்கிறாரா என்பதையும் கவனியுங்கள். மதுரையைத் தலைமையிடமாகக் கொண்ட தானம் அறக்கட்டளை ஏரிவாரியாக "வயலகம்" என்ற உழவர் சங்கங்களை முன்னிறுத்தி வேலை செய்வதன் காரணம் இதுதான். வேலை முடிந்ததும் ஏரியை ஒப்படைக்க ஊரில் ஒரு அமைப்பு இருக்க வேண்டும்.

இந்த அமைப்பை உருவாக்க ஆள் வேண்டும், ஆளுக்குச் சம்பளம் வேண்டும். நிறுவனங்கள் பட்ஜெட்டில் முதலில் வெட்டுவது அதைத்தான். "நிர்வாகச் செலவு 5 விழுக்காட்டுக்கு மேல் போகக் கூடாதே" என்பார்கள். அந்த 5 விழுக்காடு உங்கள் நிறுவனம் தன் சிஎஸ்ஆர் பிரிவை நடத்த ஆகும் பொது நிர்வாகச் செலவுக்கான வரம்பு. ஊர்க் கூட்டம் நடத்தும் களப்பணியாளர், மண் வேலையை அளக்கும் பொறியாளர், மட்ட அளவெடுப்பு ஆகியவை திட்டத்தின் நேரடிச் செலவு. 22 லட்சத்தில் இரண்டரை லட்சத்தை இதற்கு ஒதுக்கத் தயங்க வேண்டாம். ஒதுக்காமல் விட்டால் அதைவிடப் பெரிய தொகையை மண் கணக்கில் இழப்பீர்கள்.

வெளிநாட்டுப் பங்குதாரர் இருப்பதால் நம் பணம் வெளிநாட்டு நன்கொடை ஆகிவிடுமோ என்ற பயமும் சில நிறுவனங்களுக்கு உண்டு. இந்தியாவில் பதிவான நிறுவனத்தில் வெளிநாட்டு முதலீடு அந்நியச் செலாவணிச் சட்டம் அந்தத் துறைக்கு வைத்த வரம்புக்குள் இருந்தால் ஆகாது. வெளிநாட்டிலேயே பதிவான நிறுவனத்தின் கிளை கொடுத்தால் ஆகும்.

தூர்வாருவது கடைசி வேலை

இங்கேதான் பணம் அதிகம் வீணாகிறது, அதனால் கொஞ்சம் விரிவாக.

நீர்ப்பரப்பு 40 ஏக்கர், சராசரி ஆழம் ஒன்றரை மீட்டர், ஆயக்கட்டு 90 ஏக்கர் கொண்ட ஏரி என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒரு ஏக்கர் 4,047 சதுர மீட்டர். கொள்ளளவு ஏறத்தாழ 2,42,800 கன மீட்டர். இதில் 10 ஏக்கர் பரப்பில் அரை மீட்டர் வண்டலை அள்ளினால் 20,200 கன மீட்டர். கணக்குக்காகக் கன மீட்டருக்கு 60 ரூபாய் என்று வைத்தால் 12 லட்சம் ரூபாய். (உண்மை விலைக்கு அந்த ஆண்டின் அரசு விலைப்பட்டியலைப் பாருங்கள்.) அந்த 12 லட்சத்தில் கூடிய கொள்ளளவு 8 விழுக்காடு. வரத்து வாய்க்கால் அடைபட்டு, ஏரி ஆண்டில் ஒரு தடவைகூட நிரம்பாமல் கிடந்தால் அந்த 8 விழுக்காடும் காற்றுக்குத்தான். வாய்க்காலைத் திறந்து ஏரி ஒரு தடவை கூடுதலாக நிரம்பினால் கிடைப்பது 2,42,800 கன மீட்டர்.

மதகும் அப்படியே. பலகை சரியாக உட்காராமல் நொடிக்கு ஒரு லிட்டர் கசிந்தால் நாளுக்கு 86 கன மீட்டர், 60 நாளில் 5,000 கன மீட்டருக்கு மேல் போய்விடும். கதவையும் திருகையும் மாற்றுவது சின்னச் செலவு. அதைப் புகைப்படம் எடுத்தால் அழகாக இருக்காது என்பதுதான் அதன் குறை.

ஆகவே வரிசை இது: வரத்து வாய்க்கால், கலிங்கு, மதகு, கரை, பணம் மிஞ்சினால் தூர். கலிங்கைப் பழுதுபார்க்கலாம், உயர்த்தக் கூடாது. "ஒரு அடி உயர்த்தினா இன்னும் தண்ணி நிக்குமே" என்று ஊரிலேயே கேட்பார்கள். நம் ஏரிகள் சங்கிலித் தொடராக இருப்பவை. ஒரு ஏரியின் கலிங்கை உயர்த்தினால் கீழ் ஏரிக்கு வழிவது குறையும், மேல்பக்கத்துப் பட்டா நிலம் மூழ்கும், கரைக்கும் ஆபத்து.

தூர்வாரினாலும் எல்லை உண்டு. மதகின் அடிமட்டத்துக்குக் கீழே தோண்டிய பள்ளத்தில் நிற்கும் தண்ணீர் பாசனத்துக்கு வராது. மாட்டுக்கும் மீனுக்கும் ஒரு மூலையில் கொஞ்சம் ஆழம் வைக்கலாம், அவ்வளவே. கரையின் அடியை ஒட்டித் தோண்டினால் கரை சரியும். வண்டலுக்குக் கீழே இருக்கும் இறுகிய களிப் படலத்தை உடைத்துவிட்டால் மணலில் தண்ணீர் இறங்கி, ஏரி கார்த்திகையில் நிரம்பித் தையில் காய்ந்துவிடும். அளவெடுப்பின்போதே ஐந்தாறு இடத்தில் சோதனைக் குழி போட்டு வண்டல் எத்தனை அடி, களி எங்கே தொடங்குகிறது என்று பார்ப்பது இதற்காக.

கரைக்கு மண் போடும்போது, கிடைத்த வண்டலையெல்லாம் மேலே கொட்டிவிட்டு ஜேசிபி வாளியால் தட்டினால் முதல் மழையிலேயே ஓடை ஓடையாகக் கரையும். களியும் சரளையும் கலந்த மண்ணை 20 முதல் 30 சென்டிமீட்டர் அடுக்காகப் போட்டு, நீர் தெளித்து, ரோலர் ஓட்டி இறுக்க வேண்டும். சீமைக் கருவேலத்தை வெட்டுவது போதாது, வேரோடு எடுத்து அந்தக் குழியையும் இறுக்க வேண்டும். விட்டால் மட்கிய வேர் போன வழியே நீர்க்கசிவுப் பாதை ஆகிவிடும்.

அள்ளிய மண் எங்கே போகும்?

எல்லாச் சண்டையும் இங்கேதான் முளைக்கும். தமிழ்நாட்டில் உழவர்கள் வண்டல் மண்ணைக் கட்டணமில்லாமல் எடுக்கலாம். மாவட்ட அரசிதழில் அறிவித்த பட்டியலில் அந்த ஏரி இருக்க வேண்டும். 2024 முதல் தாசில்தாரே அனுமதி தருகிறார். அளவு நன்செய்க்கு ஏக்கருக்கு 75 கன மீட்டர், புன்செய்க்கு 90. நம் 20,200 கன மீட்டரை நன்செய்யில் பரப்ப 270 ஏக்கர் வேண்டும். ஆயக்கட்டோ 90 ஏக்கர், அது ஏற்பது 6,750 கன மீட்டர்தான். மீதி 13,000 சொச்சத்துக்கு வழி எழுதாமல் வேலை தொடங்கினால் நடப்பது ஊருக்கே தெரியும்: இரவில் டிப்பர் வரும், மண் செங்கல் சூளைக்குப் போகும், பழி நிறுவனத்தின் பெயர்ப்பலகைக்கு வரும். மண் போக இடமில்லையென்றால் தோண்டும் அளவைக் குறைத்துக்கொள்ளுங்கள். எவ்வளவு தோண்டலாம் என்பதை மண்ணை ஏற்கும் நிலமே முடிவு செய்யட்டும்.

வண்டல் என்றால் எல்லாம் உரம் என்றும் நினைக்க வேண்டாம். உப்பு கூடிய மண்ணும் ஏரியில் இருக்கும். சில மாதிரிகளை மண் பரிசோதனை நிலையத்தில் கொடுத்துப் பார்ப்பது மலிவான காப்பீடு.

இயந்திரத்துக்கு மணிக்கணக்கில் கூலி கொடுக்காதீர்கள். வேலைக்கு முன்னும் பின்னும் எடுத்த மட்ட அளவின் வித்தியாசத்தில் வரும் கன மீட்டருக்குத்தான் கூலி. ஒன்றியப் பொறியாளர், தொண்டு நிறுவனப் பொறியாளர், உழவர் பிரதிநிதி மூவரும் அளவுப் புத்தகத்தில் கையெழுத்துப் போட வேண்டும். மதிப்பீடும் அளவும் ஒரு பலகையில் ஏரிக்கரையிலேயே நிற்கட்டும். வாடகை பில்லில் வரும் ஜிஎஸ்டியையும் பட்ஜெட்டில் சேருங்கள். சிஎஸ்ஆர் செலவுக்கு உள்ளீட்டு வரி வரவு, அதாவது கொடுத்த ஜிஎஸ்டியை நிறுவனம் கட்ட வேண்டிய வரியில் கழித்துக்கொள்வது, 2023 அக்டோபர் முதல் கிடையாது.

ஒப்பந்தத்தில் என்ன எழுதுவது

முத்தரப்பு ஒப்பந்தம் நல்லதுதான், ஆனால் அரசுத் தரப்பு கையெழுத்துக்கு மாதக்கணக்கில் ஆகலாம். நிபந்தனைகளோடு கூடிய அனுமதி உத்தரவும், அதை அப்படியே இணைப்பாக வைத்து நிறுவனமும் தொண்டு நிறுவனமும் போடும் ஒப்பந்தமும் நடைமுறையில் அதே வேலையைச் செய்யும்.

சில வரிகளை விட்டுவிடக் கூடாது. இந்தச் செலவால் ஏரி நீரிலோ நிலத்திலோ மண்ணிலோ நிறுவனத்துக்கு எந்த உரிமையும் வராது என்பது முதல் வரி. தொழிற்சாலை ஆழ்துளைக் கிணற்றில் தண்ணீர் எடுக்கும் ஊரில் இதைக் கிராம சபையிலும் வாசித்துக் காட்ட வேண்டும், "நம்ம தண்ணிக்குத்தான் வர்றாங்க" என்ற சந்தேகம் நியாயமானது. உருவாகும் மதகு, கதவு முதலிய சொத்துகள் யார் பெயரில் என்பது அடுத்தது. சிஎஸ்ஆர் விதிப்படி அவை நிறுவனத்தின் பெயரில் இருக்க முடியாது. பொது அதிகார அமைப்பு, பயனாளிகளின் கூட்டமைப்பு அல்லது சிஎஸ்ஆர் பதிவுள்ள அறக்கட்டளை, சங்கத்தின் பெயரில் இருக்கலாம். ஒன்றிய ஏரி என்றால் ஒன்றியத்தின் பெயரிலேயே விடுங்கள். பெயர்ப்பலகையின் அளவையும் எழுதிவிடுங்கள். அற்பமாகத் தெரியும், ஆனால் திறப்பு விழாத் தகராறில் பாதி பலகையால் வருவது.

தவணையை 30, 40, 20, 10 என்று பிரிக்கலாம். முன்பணம் 30, பாதி அளவு முடிந்து மூவர் கையெழுத்தானதும் 40, செப்டம்பரில் வேலை முடிந்ததும் 20, கடைசி 10 ஜனவரி ஆய்வுக்குப் பிறகு.

ஆக்கிரமிப்பைப் பற்றி: தாசில்தார் அளந்து எல்லைக் கல் நட்ட பிறகே இயந்திரம் இறங்க வேண்டும். ஏரிக்குள் பயிர் வைத்திருப்பவர் பல இடங்களில் ஊரிலேயே ஏழை. அவரிடம் நிறுவன ஆள் போய் நிற்கக் கூடாது. நீக்கம் அரசின் வேலை, பேச்சுவார்த்தை ஊரின் வேலை. அறுவடை வரை அவகாசம் கொடுத்தால் பல இடங்களில் அதுவே போதும்.

வேலை முடிந்த பிறகு

ஊராரே ஏரியைப் பராமரிக்கும் பழைய குடிமராமத்தில் ஊர் உழைப்பு கட்டாயம். 2017இல் தமிழ்நாடு அரசு அந்தப் பெயரில் மீண்டும் கொண்டுவந்த திட்டத்திலும் பாசனதாரர் பங்கு 10 விழுக்காடு என்று வைத்தார்கள். உங்கள் திட்டத்திலும் ஊர்ப் பங்கு வேண்டும். பணமாகவோ டிராக்டர் நடையாகவோ இருக்கலாம். பணமாக வருவதைக் கான்ட்ராக்டருக்குக் கொடுக்காமல், சங்கத்தின் பெயரில் வைப்புத்தொகையாகப் போட்டு வட்டியில் ஆண்டுக்கு ஒரு முறை கரைச் செடி வெட்டவும் மதகுக்குக் கிரீஸ் போடவும் வைத்துக்கொள்ளலாம். நீர்க்கட்டிக்கு (வயல்களுக்கு முறைப்படி நீர் பாய்ச்சுபவருக்கு) போகத்துக்கு இத்தனை மரக்கால் நெல் என்று கொடுக்கும் வழக்கம் ஊரில் மிச்சம் இருந்தால் அதைக் கெடுக்காமல் அதன் மேலேயே சங்கத்தைக் கட்டுங்கள்.

பலன் அளவீடு சட்டப்படி எல்லாருக்கும் கட்டாயமில்லை. மூன்று ஆண்டுச் சராசரிக் கடமை 10 கோடியும் அதற்கு மேலும் உள்ள நிறுவனம், 1 கோடியும் அதற்கு மேலும் செலவான திட்டத்துக்கு, வேலை முடிந்து ஓராண்டாவது ஆன பிறகு வெளியாரை வைத்துச் செய்ய வேண்டும். 22 லட்சத் திட்டத்துக்கு ஒரு நோட்டுப் புத்தகம் போதும். ஆயக்கட்டில் பத்துக் கிணறுகளைத் தேர்ந்தெடுத்து மாதம் ஒரு முறை நீர்மட்டம், ஏரி எத்தனை நாள் மதகு வழியாகப் பாய்ந்தது, இரண்டாம் போகம் எத்தனை ஏக்கர், அந்த மாத மழை எத்தனை மில்லிமீட்டர். மழையைக் குறிக்காமல் நீர்மட்டத்தை மட்டும் குறித்தால் நல்ல மழை ஆண்டின் பெருமையை ஜேசிபிக்குக் கொடுத்துவிடுவீர்கள். இந்த நோட்டு வேலைக்கு முந்தைய டிசம்பரிலேயே தொடங்க வேண்டும். ஒப்பிட ஒரு முன் ஆண்டு இல்லையென்றால் பின் ஆண்டுக் கணக்கு எதையும் சொல்லாது.

ஜனவரி ஆய்வில் நான்கு விஷயங்கள் பாருங்கள்: கரையின் வெளிப்பக்கம் ஈரம் கசிகிறதா, கலிங்கில் வழிந்த நீர் அடியை அரித்திருக்கிறதா, வரத்து வாய்க்காலில் புதுமண் எவ்வளவு சேர்ந்தது, மதகுச் சாவி யாரிடம் இருக்கிறது. சாவி கான்ட்ராக்டரிடமோ தொண்டு நிறுவன அலுவலகத்திலோ இருந்தால் அந்த 10 விழுக்காட்டை விடுவிக்காதீர்கள். மார்ச் 31க்குள் விடுவிக்க முடியாது என்று தோன்றினால் திட்டம் தொடர் திட்டமாகப் பதிவாகியிருக்கிறதா என்று அன்றைக்கே பார்த்து, தொகையை ஏப்ரல் 30க்குள் தனிக் கணக்குக்கு மாற்றிவிடுங்கள்.